தவமணி கேட்ட அளவு

“‘ரசத்துல உப்பில்ல, தலையணையில பஞ்சில்ல, இந்த ஆசிரமத்துல அமைதியும் இல்ல.’ இதேதான் சாமி. ஒரு எழுத்து கூட்டல, ஒரு எழுத்து குறைக்கல. மூணாம் ரூம் அம்மா காலங்காத்தால சொல்லிட்டு ஆட்டோ ஏறிப் போயிட்டாங்க.”

தவமணி நிலைப்படியில் நின்றபடியே பேசினாள். உட்கார்ந்தால் கோபம் பாதியாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

சாமியும் உட்காரச் சொல்லவில்லை.

“மூணுல எது பொய்?” என்று கேட்டார்.

“எதுவுமே பொய் இல்ல. அதான் எரியுது.”

“உப்பு?”

“போட்டேன். போட்டது நல்லா ஞாபகம் இருக்கு. நேத்துப் போட்டதா முந்தாநாள் போட்டதான்னுதான் தெரியல.”

சாமி சிரித்தார்.

“சிரிக்காதீங்க சாமி. நீங்களும்தான் அந்த ரசத்தைக் குடிச்சீங்க. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னீங்களா?”

சிரிப்பு நின்றது.

மலையடிவாரத்தில் இருந்தது அந்த ஆசிரமம். ஓடையின் சலசலப்பைத் தவிர வேறு சத்தமே கேட்காது என்று வருகிறவர்களுக்குக் கொடுக்கும் தாளில் அச்சடித்திருந்தார்கள். தண்ணீர் மோட்டாரைப் பற்றி அச்சடிக்கவில்லை.

சாமிக்குத் தவமணியைவிட நாலைந்து வயது குறைவு. அதனால் அவர் அவளை ‘நீங்க’ என்பார். அவர் சாமி என்பதால் அவளும் ‘நீங்க’ என்பாள். சண்டை எல்லாம் அந்த மரியாதைக்குள்ளேயே நடக்கும்.

அவள் முன்பு ஒரு பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்தவள். இரைச்சல் தாங்காமல் வேலையை விட்டுவிட்டுத் தியானம் கற்றுக்கொள்ள வந்தாள். பழகின கை என்று, வந்த வாரமே சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

தியானத்தைப் பிறகு கற்றுக்கொள்ளலாம் என்றார்கள்.

“எனக்கு ஒண்ணு சொல்லுங்க,” என்றாள். “ஜுரம் வந்தா தெர்மாமீட்டர் இருக்கு. பாலுல தண்ணி ஊத்தினா அதைக் கண்டுபிடிக்கவும் ஒரு மீட்டர் இருக்கு. ஒரு மனுஷி எவ்வளவு தேஞ்சு போயிட்டான்னு பார்க்க என்ன இருக்கு?”

“தேஞ்சு போயிட்டீங்களா?”

“அதைத்தானே கேக்குறேன்! தெரிஞ்சா உங்ககிட்ட எதுக்கு வர்றேன்?”

“நல்லா ஒரு தூக்கம் போட்டா?”

“போட்டுப் பார்த்தேன். கண்ணைத் திறந்தா அந்தக் களைப்பு தலைமாட்டுல உக்காந்து எனக்காகக் காத்துக்கிட்டிருக்கு.”

சாமி மாடத்து விளக்கைக் காட்டினார்.

“எரியறது திரியா, எண்ணெயா?”

“எதுவா இருந்தா என்ன? ரெண்டையும் வாங்கிட்டு வர்றது நான்.”

சாமி விரலை மடக்கிக்கொண்டார்.

“புதிர் போடாதீங்க சாமி. அடுப்புல பருப்பு கிடக்கு. இந்த உமையாள் பொண்ணு இருக்கே, பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை பார்த்துட்டு, வேலை பார்த்தே தீஞ்சு போச்சு, பர்ன் அவுட்னு சொல்லிக்கிட்டு இங்க வந்து சேர்ந்துச்சே, அவ ஆபீஸ்ல இதை அளப்பாங்களாம். காலையில எந்திரிக்கும்போது வேலையை நினைச்சா எவ்வளவு அலுப்பா இருக்கு, ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் போடுன்னு.”

“என்ன போட்டாங்களாம்?”

“ஒன்பது.”

“அப்புறம்?”

“ஓய்வு எடுப்பது எப்படின்னு சனிக்கிழமை ஒரு வகுப்பு வச்சாங்களாம். வரலைன்னா சம்பளம் பிடிப்பாங்களாம்.”

“அடுத்த தடவை?”

“ரெண்டு போட்டாளாம். எல்லாரும் கை தட்டினாங்களாம்.”



தவமணி இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி அவர் முன்னால் வைத்தாள்.

“மத்தியான பஸ்ஸுக்குப் போறேன்.”

அந்த ஊருக்கு ஒரே பஸ்தான். மத்தியானம் வந்து, திரும்பிப் போய்விடும்.

“எங்க போவீங்க?”

“கேள்வி கேக்காத ஊருக்கு.”

“அங்க போய் என்ன பண்ணுவீங்க?”

“பாருங்க, நீங்களும் கேக்குறீங்க!”

சாமி சாவியைத் தொடவில்லை.

“நாளைக்கு மத்தியானம் போங்க. அதுக்குள்ள அந்த அளவைக் கண்டுபிடிச்சுத் தர்றேன்.”

“தரலைன்னா?”

“பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பெட்டியை நான் தூக்கிட்டு வர்றேன்.”

தவமணி யோசித்தாள். சாமி ஒரு செம்பைத் தூக்கிக்கூட அவள் பார்த்ததில்லை. அந்தக் காட்சிக்காகவாவது ஒரு நாள் இருக்கலாம் என்று தோன்றியது.

சாவியை எடுத்துச் செருகிக்கொண்டாள்.

*

அந்த ஆசிரமத்தில் ஒரு பழக்கம் உண்டு.

மௌன விரதம் இருப்பவர் மணிக்கட்டில் வெள்ளைத் துணி கட்டிக்கொள்வார். வெள்ளைத் துணி கட்டியவரிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. வேலை சொல்லக் கூடாது. பார்த்துச் சிரிப்பதுகூடத் தவறு. எப்போது கட்டுவது, எப்போது அவிழ்ப்பது என்பது அவரவர் ஆன்மாவின் விருப்பம்.

ஆன்மாக்களுக்கு நேரம் நன்றாகத் தெரிந்திருந்தது.

பாத்திரம் துலக்கும் வேளையில் பாதிப் பேர் கட்டியிருப்பார்கள். காஸ் சிலிண்டர் வண்டி வரும் நாளில் முக்கால்வாசிப் பேர். சாப்பாட்டு மணி அடித்ததும் சிலர் அவிழ்ப்பார்கள். இன்னொரு கரண்டி கேட்க வாய் வேண்டுமே.

இன்சூரன்ஸ் ஆபீசில் ஓய்வு பெற்று வந்த வைத்தியநாதன் சார் சித்திரை மாதத்திலிருந்து அவிழ்க்கவே இல்லை. காபியில் சர்க்கரை குறைவு என்பதைப் புருவத்தாலேயே சொல்லிவிடக் கூடியவர். அவர் ஆழமாகப் போய்விட்டார் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.

ஒருநாளும் துணி கட்டாத ஒரே ஆள் தவமணி. ஆகவே எல்லாவற்றையும் அவளிடமே கேட்டார்கள்.

“அக்கா, மோட்டார் போட்டாச்சா?”

“அக்கா, கொசுவத்தி எங்க?”

“அக்கா, இன்னிக்கு என்ன கிழமை?”

ஒருநாள் ஒருவர் கேட்டார்: “அம்மா, நான் காலையில மாத்திரை போட்டேனா?”

அவர் போட்டிருந்தார். அதுவும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அதுதான் அவளுக்கு ஆத்திரம்.

சாவியைச் செருகிக்கொண்டு நின்ற தவமணியிடம் சாமி அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து நீட்டினார்.

“இன்னிக்கு நீங்க கட்டிக்குங்க.”

“நான் கட்டினா சாப்பாடு?”

“அது யாரோட கவலை?”

“சாப்பிடறவங்க கவலை இல்லைங்கறது மட்டும் தெரியும்.”

ஆனாலும் வாங்கிக்கொண்டாள். ஒரு கையால் முடிச்சுப் போட வரவில்லை. ஒரு நுனியைப் பல்லால் கடித்து இழுத்து இறுக்கினாள். எதிரே இரண்டு கைகளோடு ஒருவர் உட்கார்ந்திருப்பது அவள் நினைவுக்கு வரவில்லை.

*

கொல்லைப் படியில் போய் உட்கார்ந்தாள்.

கொசுவத்தி கேட்க வந்த ஒருவர் அவள் மணிக்கட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். உமையாள் வேகமாக வந்தாள். துணியைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனாள்.

ஆகா, இவ்வளவுதானா என்று தவமணிக்கு இருந்தது.

எதிரே துலக்கும் கல்லில் ராத்திரி எச்சில் பாத்திரங்கள் கிடந்தன. ஈ மொய்த்தது.

முகத்தை அந்தப் பக்கம் திருப்பினாள். அந்தப் பக்கம் தொட்டி நிரம்பித் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

எழுந்து போய் மோட்டாரை நிறுத்தினாள். எழுந்ததே எழுந்தோம் என்று பாத்திரத்தைத் துலக்கினாள். துலக்கிய பாத்திரம் காலியாக இருப்பதைப் பார்க்கச் சகிக்காமல் அரிசி களைந்து போட்டாள். காய் நறுக்கினாள். பரிமாறினாள். வைத்தியநாதன் சாரின் புருவம் உயர்ந்தபோது சர்க்கரை டப்பாவைக் கொண்டுபோய் வைத்தாள்.

எல்லாம் ஒரு வார்த்தை பேசாமல்.

சாயங்காலம் உமையாள் தன் துணியை அவிழ்த்துவிட்டுச் சாமியிடம் வந்தாள். அவளுடைய முகம் மலர்ந்திருந்தது. தவமணி அப்போது அங்கேதான் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

“சாமி, தவமணியக்கா மௌனத்துல இருந்தா எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா? வேலையும் ஆயிடுது, திட்டும் இல்ல. மனசே லேசாயிடுச்சு. வாரத்துல ஒரு நாள் இப்படி இருக்கச் சொல்லுங்களேன்.”

மூலையில் உட்கார்ந்திருந்த வைத்தியநாதன் சார் கண்ணைத் திறந்தார். இரண்டு விரலைக் காட்டினார்.

இரண்டு நாள்.

துடைப்பம் கீழே விழுந்தது.

தவமணி துணியைப் பிய்த்து எறிந்தாள்.

“கேட்டீங்களா சாமி?”

“கேட்டேன்.”

“எனக்குன்னு இங்க வாய் ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு. அதையும் இன்னிக்கு வாங்கிக்கிட்டீங்க.”

உமையாளுக்கு எதுவும் புரியவில்லை. “நான் பாராட்டித்தானே அக்கா சொன்னேன்,” என்றாள்.

“நீ சும்மா இரு தாயி. ரெண்டு மார்க் போட்டவளுக்குக் கை தட்டினாங்கன்னு என்கிட்ட வந்து அழுதியே, அன்னிக்கு நான் உனக்குச் சுக்குக் காபி போட்டுக் குடுத்தேன். நீ எனக்குக் கை தட்டுற.”

உமையாள் தரையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தன் துணியை எடுத்து மறுபடியும் கட்டிக்கொண்டாள்.

சாமி, தவமணி எறிந்த துணியைக் குனிந்து எடுத்தார்.

“தப்பான இடத்துல கட்டிட்டோம்.”

“கழுத்து ஒண்ணுதான் பாக்கி. அதுல கட்டிப் பாருங்க.”

“நாளைக்குக் காலையில வாங்க.”

“மத்தியானம் பஸ்ஸு. மறந்துடாதீங்க.”

“மறக்கல. பெட்டி ரொம்பக் கனமா?”

“நீங்க பெட்டி தூக்கின மாதிரிதான்,” என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

*

மறுநாள் காலை எல்லாரும் கூடத்தில் தியானத்துக்கு உட்கார்ந்திருந்தார்கள். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு கதவுதான். அது திறந்திருந்தது.

தவமணி அடுப்பில் சோற்று அண்டாவை ஏற்றிவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“சீக்கிரம் சொல்லுங்க சாமி. அண்டா ஏத்தியிருக்கேன்.”

“கையை நீட்டுங்க.”

நீட்டினாள். சாமி இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து வைத்து ஒரே துணியால் கட்டினார்.

“இது என்ன கூத்து?”

“எப்ப அவிழ்க்கணும்னு நீங்க சொல்லுங்க. சொன்ன நிமிஷம் அவிழ்த்துடறேன். எவ்வளவு நேரம் ஆகுதோ, அதான் அளவு.”

“அடுப்புல அரிசி கிடக்குன்னு சொல்றேன். பொங்கறதுக்கு முன்னாடி கத்திடுவேன். இதுல என்ன அளவு வேண்டிக்கிடக்கு?”

“கத்திடுவீங்கல்ல?”

“பின்னே?”

“அப்ப சரி. உக்காருங்க.”

சாமியின் முகம் தெளிவாக இருந்தது. அளவு தெரிந்தவர் போலச் சம்மணமிட்டு எதிரே உட்கார்ந்தார். ஒரு விரலை முடிச்சின்மேல் தயாராக வைத்துக்கொண்டார்.

தவமணி சுவரில் சாய்ந்தாள்.

முதலில் அவளுடைய விரல்கள் சும்மா இருக்கவில்லை. ஒன்றை ஒன்று கிள்ளின. காற்றில் எதையோ பிழிந்தன. கீரை ஆய்வது போல இருந்தது.

பிறகு அவையும் நின்றன.

அண்டாவின் மூடி தடதடத்தது.

சாமி அவள் முகத்தைப் பார்த்தார். தவமணி எதிர்ச் சுவரைப் பார்த்தாள்.

கஞ்சி பொங்கி வழிந்து நெருப்பில் சுரீரென்று விழுந்தது.

சாமியின் விரல் முடிச்சை நெருடியது. தவமணி பேசவில்லை.

தண்ணீர் வற்றியது. வெந்த சோற்றின் மணம் கூடத்துக்குள் வந்தது. கொஞ்ச நேரம் அது நல்ல மணமாக இருந்தது. பிறகு அடிப்பிடித்தது.

உமையாள் ஒரு கண்ணைத் திறந்தாள். தன் மணிக்கட்டைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். தூணருகே இருந்தவர் இருமினார். இருமிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். வைத்தியநாதன் சார் மேல்துண்டை இழுத்து மூக்கை மூடிக்கொண்டு இன்னும் ஆழமாகப் போனார்.

புகை கதவைத் தாண்டி வந்தது.

“தவமணியம்மா.”

“ம்.”

“வாசனை வருதா?”

“வருது.”

“எப்பலேருந்து?”

“எல்லாம் தெரிஞ்சுது. மூடி ஆடினது, கஞ்சி பொங்கினது.”

“ஏன் சொல்லல?”

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். நெற்றி சுருங்கியது.

“தெரியல சாமி.”

பிறகு சாமிக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னாள்:

“எனக்குக் கோபம் வரல.”

சாமியின் விரல் முடிச்சிலிருந்து நழுவியது.

“வரணுமே சாமி. அண்டா நிறைய அரிசி. எனக்குக் கோபம் வரணுமே. நேத்து ஒரு சிட்டிகை உப்புக்கு உங்ககிட்ட அவ்வளவு கத்தினேன். இன்னிக்கு ஏன் வரல?”

எல்லாக் கேள்விக்கும் ஒரு விளக்கையோ விரலையோ காட்டக்கூடியவர் அவர். எதையும் காட்டவில்லை.

எழுந்தார். சமையலறைக்குள் போனார்.

குமிழை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. அடுப்பு ஒரு தடவை பெரிதாகச் சீறியது. பிறகு அணைந்தது. ஏதோ உருண்டது. “ஸ்ஸ்” என்று ஒரு சத்தம் வந்தது.

மற்ற நாளாக இருந்தால் தவமணி அதற்குச் சிரித்திருப்பாள்.

விரல் நுனி சிவந்து, கண்ணில் நீர் வழியத் திரும்பி வந்தார். அவள் முன்னால் மண்டியிட்டு முடிச்சை அவிழ்த்தார். நேரம் பிடித்தது. அவராகவே இறுக்கிப் போட்ட முடிச்சு.

“நேத்து வரைக்கும் நீங்க போட்ட சண்டை எல்லாம் எனக்குத் தொந்தரவுன்னு நினைச்சேன்,” என்றார்.

“என் அளவு கிடைச்சுதா சாமி?”

“பாதி.”

“இன்னும் பாதி?”

சாமி கூடத்தைப் பார்த்துத் திரும்பினார்.

“சோறு தீயற வாசனை யாருக்கெல்லாம் வந்துச்சு?”

பதில் இல்லை. விரதம்.

“கையைத் தூக்குங்க.”

உமையாள் கை முதலில் எழுந்தது. தூணருகே இருந்தவர் கை எழுந்தது. பிறகு ஒன்று, பிறகு ஒன்று. கடைசியில் துண்டுக்குள்ளிருந்து வைத்தியநாதன் சாரின் கையும்.

கூடம் முழுக்க வெள்ளைத் துணி.

சாமி அதை வெகுநேரம் பார்த்தார். கைகளைக் கீழே போடச் சொல்ல அவருக்கு நினைவில்லை. அவர்களாகவே ஒவ்வொருவராகப் போட்டுக்கொண்டார்கள்.

“எழுந்து நில்லுங்கம்மா,” என்றார் தவமணியிடம். “இப்ப நீங்க கேளுங்க.”

“எதை?”

“உங்களுக்கு வேணுங்கறதை.”

“புளி தீர்ந்து போச்சு.”

“அது சமையலுக்கு.”

“மோட்டாருக்கு மெக்கானிக் வரணும்.”

“அது தொட்டிக்கு.”

“மூணாம் ரூமுக்குப் புதுத் தலையணை.”

“உங்களுக்கும்மா. உங்களுக்கு.”

தவமணி வாயைத் திறந்தாள். மூடினாள்.

சரக்கறையில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று இருட்டிலும் சொல்லக்கூடியவள். இந்த ஒன்று அகப்படவில்லை. தேடிக்கொண்டு நின்றாள். வாசலில் வெயில் ஏறியது. பஸ் வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் அதை நினைத்ததாகத் தெரியவில்லை.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. அப்போதுதான் தெரிந்தது.

காலையிலிருந்து அவள் எதுவுமே குடிக்கவில்லை.

வைத்தியநாதன் சாரின் முழங்காலுக்குப் பக்கத்தில் பித்தளைக் கூஜா இருந்தது. விடியற்காலையில் அவள் நிரப்பி வைத்தது. உமையாளின் பக்கத்தில் ஒரு பாட்டில். அதுவும் அவள் நிரப்பியதுதான்.

சாமி தன் இடத்தைவிட்டு அசையவில்லை. அவர் முந்திக்கொண்டால் அந்த மீதிப் பாதி அளவு கெட்டுவிடும்.

தவமணி தொண்டையைச் செருமினாள். பழக்கமில்லாத வேலை. குரல் யாருடையதோ போல வந்தது.

“யாராவது எனக்கு ஒரு டம்ளர் தண்ணி தர்றீங்களா?”

ஓடையின் சலசலப்புக் கேட்டது. அந்த ஆசிரமத்தில் அது அவ்வளவு தெளிவாக ஒருநாளும் கேட்டதில்லை.

“தண்ணி,” என்றாள் மறுபடியும். “யாராவது.”